சராசரி, இடைநிலை, முகடு: மூன்றும் ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை?

தேனி மாவட்டத்துப் போடியிலோ, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலோ ஏலம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அன்றைய ஏலக்காய் விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன. கம்பம், தேவாரம், வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று மலைக்குக் கீழேயும் மேலேயும் காய் வைத்திருக்கிற எல்லோரும் முதலில் தேடுவது அந்தச் சராசரியைத்தான். "சராசரி 2,550 போயிருக்கு, நமக்கு 2,300தான் விழுந்திருக்கு, யாரோ ஏமாத்திட்டாங்க" என்பார் ஒருவர். "சராசரின்னா பாதிப் பேருக்கு அதுக்கு மேல கிடைச்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்பார் பக்கத்தில் நிற்பவர்.

இரண்டுமே தவறான முடிவுகள். படிக்காததால் வருகிற தவறு என்றும் இதைத் தள்ள முடியாது. பள்ளியில் இந்தக் கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காரணம், சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது மனதில் இல்லை.

மூன்று கேள்விகள் இருக்கின்றன. மொத்தத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? இதற்குப் பதில் சராசரி. எல்லோரையும் விலை வரிசைப்படி நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு? இதற்குப் பதில் இடைநிலை அளவு. எந்த விலை அதிகத் தடவை வந்திருக்கிறது? இதற்குப் பதில் முகடு. ஆங்கில வழியில் படித்தவர்கள் மீன், மீடியன், மோடு என்பார்கள். கேள்விகள் வேறு வேறு என்பதால் பதில்களும் வேறாக இருப்பதுதான் சாதாரணம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் ஏன் என்று பார்க்க வேண்டும்.

பதினொரு லாட்

கணக்குக்காக ஒரு சின்ன ஏலத்தை நாமே வைத்துக்கொள்வோம். பதினொரு லாட், அதாவது ஒரே விலைக்கு ஒன்றாக ஏலம் போகிற காய்க் குவியல்கள், எல்லாம் ஒரே எடை. கிலோ விலையை ஏறுவரிசையில் எழுதினால் இப்படி:

2,100, 2,200, 2,300, 2,300, 2,300, 2,400, 2,500, 2,600, 2,700, 2,900, 3,750

எல்லாவற்றையும் கூட்டினால் 28,050. பதினொன்றால் வகுத்தால் 2,550. இது சராசரி. வரிசையில் ஆறாவதாக இருப்பது 2,400. அதற்கு முன்னால் ஐந்து லாட், பின்னால் ஐந்து லாட். இது இடைநிலை அளவு. மூன்று தடவை வந்திருப்பது 2,300 மட்டுமே. அது முகடு.

இப்போது பக்கத்தில் நின்றவரின் கேள்வியை இந்த வரிசையிடமே கேட்போம். 2,550க்கு மேலே போன லாட் எத்தனை? நான்கு. கீழே ஏழு. பாதிக்குப் பாதி பிரிக்கிற வேலையைச் சராசரி செய்வதில்லை. அது இடைநிலையின் வேலை. 2,300 வாங்கியவர் விஷயமும் அப்படித்தான். அன்றைக்கு அதிகத் தடவை விழுந்த விலையே அவருடையதுதான். அவரை யாராவது ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றாமலும் இருக்கலாம். சராசரியை விடக் குறைவு என்ற ஒன்றை வைத்து மட்டும் அதைச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். முகடு என்றால் பெரும்பான்மை என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே பதினொன்றில் மூன்று லாட் மட்டுமே 2,300. மற்ற எந்த விலையும் அந்த அளவுக்குக்கூடத் திரும்ப வரவில்லை, அவ்வளவுதான்.

காவடித் தண்டில் மூன்று இடங்கள்

இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க ஒரு நீளமான காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் மேல் இடமிருந்து வலமாக விலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரே எடையுள்ள ஒரு பையை, அதன் விலைக் குறியில் கட்டித் தொங்கவிடுகிறோம். 2,300இல் மூன்று பை, மற்ற இடங்களில் ஒவ்வொன்று, 3,750இல் தனியாக ஒன்று.

தோளை எங்கே கொடுத்தால் தண்டு சாயாமல் நிற்கும்? 2,550இல். அதுதான் சராசரி. சோதித்துப் பார்க்கலாம். 2,550க்கு இடப்பக்கம் உள்ள ஒவ்வொரு பையும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 450, 350, மூன்று 250கள், 150, 50. கூட்டினால் 1,750. வலப்பக்கம் 50, 150, 350, 1,200. கூட்டினால் அதே 1,750. இடப்பக்கம் ஏழு பை, வலப்பக்கம் நான்கே பை. ஆனாலும் தண்டு சமமாக நிற்கிறது. தூரத்தில் தொங்கும் ஒரு பை, பக்கத்தில் தொங்கும் பல பைகளுக்கு ஈடாகிவிடுகிறது. சராசரி எத்தனை பை என்பதோடு ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் என்பதையும் உணர்கிறது.

இடைநிலைக்குத் தூரம் தெரியாது. இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று எண்ண மட்டுமே அதற்குத் தெரியும். கடைசிப் பை 3,750இல் தொங்கினாலும் சரி, தண்டின் நுனிக்கே போனாலும் சரி, அதற்கு அது வலப்பக்கத்துப் பை ஒன்று.

முகட்டுக்கு இரண்டுமே தெரியாது. எங்கே பைகள் அதிகமாகக் குவிந்திருக்கின்றன என்பதை மட்டும் பார்க்கும். வேறு எங்கே எது நகர்ந்தாலும், புதிதாக ஒரு பெரிய குவியல் உண்டாகாத வரை அது அசையாது.

இதுவரை பார்த்தது: சராசரி தூரத்துக்கு இணங்கும், இடைநிலை எண்ணிக்கைக்கு இணங்கும், முகடு குவியலுக்கு இணங்கும். மூன்றுக்கும் உள்ள உறவு முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

ஒரே ஒரு லாட் எகிறினால்

2018 ஆகஸ்டில் வந்த வெள்ளம் இடுக்கியில் ஏலத்தோட்டங்களைச் சிதைத்தது. அடுத்த கோடை காய்ந்து போனது. வரத்து குறைந்ததில் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அது அன்றைய உச்ச விலை. சராசரி அதற்கு நன்றாகவே கீழே இருந்தது. ஆனால் "ஏலக்காய் ஏழாயிரம்" என்ற பேச்சு மட்டும் மலை இறங்கி ஊரெல்லாம் சுற்றியது.

நம்முடைய பதினொன்றில் அப்படி ஒரு லாட் வந்தால் என்ன ஆகும்? கடைசி 3,750ஐ 7,050 ஆக மாற்றுவோம். மற்ற பத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மொத்தம் 31,350. சராசரி 2,850 ஆகிவிட்டது. இடைநிலை அதே 2,400. முகடு அதே 2,300.

இப்போது சராசரிக்கு மேலே இருப்பவை இரண்டே லாட். மற்ற ஒன்பதும் "சராசரிக்குக் கீழே". ஒன்பது பேருக்கும் நேற்று கிடைத்த விலையே இன்றும் கிடைத்திருக்கிறது. ஆனால் செய்தியில் சராசரி 300 ரூபாய் ஏறியிருக்கிறது. செய்தி பொய் சொல்லவில்லை, கணக்கும் சரி. அந்த 300 ரூபாய் ஏற்றம் முழுவதும் ஒரே ஒருவர் வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

இப்படி ஒரு பக்கம் மட்டும் வால் நீளுவதைக் கோட்டம் என்பார்கள். பெரிய விலைகளின் பக்கம் வால் நீண்டால் வலக் கோட்டம். அந்த நேரத்தில் வால் சராசரியை வெகுதூரம் இழுக்கும், இடைநிலையைக் கொஞ்சம் இழுக்கும், முகட்டை இழுக்கவே இழுக்காது. ஆகவே சிறியதிலிருந்து பெரியதாக வரிசை முகடு, இடைநிலை, சராசரி என்று அமையும். நம்முடைய 2,300, 2,400, 2,550 அப்படித்தான் நிற்கிறது. வருமானம், நில அளவு, வீட்டு விலை எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாதி. கீழே பூஜ்யத்துக்குக் குறைய வழியில்லை. மேலே எல்லையே இல்லை. அதனால்தான் வருமானத்தைப் பற்றி யாராவது சராசரி மட்டும் சொன்னால், இடைநிலை என்ன என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

வால் இடப்பக்கம் நீளும்போது

மேலே ஒரு கூரை இருந்து, பெரும்பாலோர் அந்தக் கூரையை ஒட்டியே நின்றால், கதை தலைகீழாகும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மதிப்பெண். ஒன்பது பிள்ளைகள் வாங்கியது 30, 30, 30, 30, 29, 28, 27, 24, 6 என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பிள்ளை காய்ச்சலில் பாதியில் எழுந்து போய்விட்டது.

மொத்தம் 234, சராசரி 26. நடுவில் ஐந்தாவது 29, அது இடைநிலை. முகடு 30. இங்கே சராசரிதான் எல்லாவற்றிலும் சிறியது. ஆசிரியர் "வகுப்புச் சராசரி 26" என்று சொன்னால், 26ஐ ஒட்டி எல்லோரும் இருப்பதாக அப்பா அம்மாக்கள் நினைப்பார்கள். 26 வாங்கிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஏழு பேர் அதற்கு மேலே.

சுருக்கமாக: வால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சராசரி ஓடும், முகடு எதிர்ப்பக்கம் நிற்கும், இடைநிலை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, எண்கள் மொத்தத்தையும் பார்க்காமல், வால் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

அந்தப் பிரபலமான சூத்திரம்

பள்ளியில் படித்த பலருக்கு இது நினைவிருக்கும்: முகடு = 3 × இடைநிலை − 2 × சராசரி. தேர்வில் இரண்டைக் கொடுத்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதனாலேயே வட்டத்தின் பரப்பளவு மாதிரி இதுவும் மாறாத விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது.

நம்முடைய இரண்டு வரிசைகளிலும் போட்டுப் பார்ப்போம். ஏலத்தில் 3 × 2,400 என்றால் 7,200, 2 × 2,550 என்றால் 5,100, கழித்தால் 2,100. உண்மையான முகடு 2,300. சரி, 200 ரூபாய்தானே என்று விடலாம். செய்முறைத் தேர்வில்? 3 × 29 என்றால் 87, 2 × 26 என்றால் 52, கழித்தால் 35. முப்பதுக்கு நடந்த தேர்வில் அதிகம் பேர் வாங்கியது முப்பத்தைந்து என்கிறது சூத்திரம்!

சூத்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும். லண்டனில் இருந்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1895இல், ஒரு பக்கம் சாய்ந்த வளைவுகளைப் பற்றி எழுதினார். ஒரே மேடு, மிதமான கோட்டம், வழுவழுப்பான வளைவு. இப்படிப்பட்டவற்றில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சராசரியிலிருந்து முகடு வரை உள்ள தூரத்தை மூன்று பங்காக்கினால், சராசரியிலிருந்து ஏறக்குறைய ஒரு பங்கு தள்ளி இடைநிலை நிற்கிறது. அதாவது இடைநிலை பெரும்பாலும் சராசரியின் பக்கம் ஒட்டி இருக்கிறது; இடைநிலையிலிருந்து முகடு இரண்டு பங்கு தள்ளி இருக்கிறது. இதையே மாற்றி எழுதினால் மேலே சொன்ன சூத்திரம் வந்துவிடும்.

"ஏறக்குறைய" என்ற சொல்தான் இங்கே முக்கியம். ஆயிரக்கணக்கான எண்கள், ஒரே மேடு, கொஞ்சமாக ஒரு சாய்வு என்று இருந்தால் இது நல்ல மதிப்பீடு தரும். பதினொரு லாட்டிலும் ஒன்பது பிள்ளைகளிலும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எண்கள் கையில் இருக்கும்போது முகட்டைச் சூத்திரத்தில் தேடவும் வேண்டாம். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வரிசை விஷயத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. ஒரு தெருவில் பத்து வீடு. நான்கு வீட்டில் ஒரு பிள்ளை, ஐந்து வீட்டில் இரண்டு, ஒரு வீட்டில் நான்கு. வால் வலப்பக்கம்தான் நீள்கிறது. ஆனால் மொத்தம் 18 பிள்ளைகள், சராசரி 1.8. இடைநிலை 2, முகடும் 2. வால் வலப்பக்கம் இருந்தும் சராசரி இடைநிலைக்குக் கீழே போய்விட்டது. 1, 2, 3 என்று சில முழு எண்கள் மட்டுமே வருகிற இடங்களில் இப்படி நடக்கும். விதி என்று நாம் சொல்வது "பெரும்பாலும்" என்பதைத் தாண்டாது.

எடையை மறந்தால்

இதுவரை எல்லா லாட்டும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டோம். உண்மையான ஏலத்தில் அப்படி இருக்காது. 100 கிலோ லாட் ஒன்று 2,300க்கும், 20 கிலோ லாட் ஒன்று 3,500க்கும் போகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,900. ஆனால் கைக்கு வந்த பணம்? 2,30,000 கூட்டல் 70,000, ஆக 3,00,000. மொத்தம் 120 கிலோ. கிலோவுக்கு 2,500. அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிற இந்த முறைக்கு எடையிட்ட சராசரி என்று பெயர்.

2,900 எங்கே, 2,500 எங்கே! ஒரு பருவம் முழுக்க நான்கைந்து தடவை காய் விற்றவர், தனக்குக் கிடைத்த விலைகளை மட்டும் கூட்டி வகுத்தால் தன் வருமானத்தைத் தவறாகவே மதிப்பிடுவார். மொத்தத் தொகையை மொத்தக் கிலோவால் வகுப்பதுதான் சரி.

சராசரியின் பெரிய பலமும் இங்கேதான் இருக்கிறது. அது மொத்தத்தை விடுவதில்லை. சராசரியையும் கிலோவையும் சொல்லுங்கள், பெருக்கினால் மொத்தப் பணம் வந்துவிடும். போடியின் சராசரியும் புற்றடியின் சராசரியும் அவற்றின் கிலோக் கணக்கும் தெரிந்தால் இரண்டுக்கும் சேர்த்த சராசரியைப் போட்டுவிடலாம். இரண்டு இடைநிலைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழியில்லை. எல்லா லாட்டையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வியாபாரிக்கும் வங்கிக்கும் சராசரி ஏன் பிடிக்கிறது என்பது இதிலேயே தெரியும். நமக்கு என்ன விலை வரலாம் என்று யோசிக்கிற சிறு விவசாயிக்கு இடைநிலைதான் நெருக்கமான எண்.

முகடு நழுவும் விதம்

நம்முடைய கணக்கில் விலைகளை நூறு நூறாக வைத்ததால் முகடு சுலபமாகக் கிடைத்தது. நிஜத்தில் 2,313, 2,318, 2,326 என்று போகும். எதுவும் திரும்ப வராது, முகடே இல்லை. அப்போது 2,300 முதல் 2,400 வரை எத்தனை, 2,400 முதல் 2,500 வரை எத்தனை என்று கட்டம் பிரித்து எண்ண வேண்டும். இங்கேதான் சிக்கல். நூறு நூறாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஜெயிக்கும், இருநூறு இருநூறாகப் பிரித்தால் வேறு கட்டம் ஜெயிக்கலாம். சராசரியும் இடைநிலையும் யார் போட்டாலும் ஒன்றுதான். முகடு, கட்டம் போட்டவரையும் பொறுத்தது. ஒருவர் "அதிகம் பேர் வாங்கியது இந்த விலை" என்றால், எத்தனை ரூபாய்க் கட்டம் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் எண்ணே இல்லாத இடத்தில் முகடு ஒன்றுதான் துணை. இடுக்கித் தோட்டங்களில் எந்த ஏலக்காய் ரகம் அதிகம் என்று கேட்டால் ஞள்ளானி என்பார்கள். அது முகடு. ரகங்களைக் கூட்டி வகுக்க முடியாது, சிறியது பெரியது என்று வரிசையில் நிறுத்தவும் முடியாது.

இரண்டு கூட்டம் ஒன்றாகக் கலந்தால்

மூன்றும் ஒன்றாக வந்தால் இரு பக்கமும் சமம் என்றும், இரு பக்கமும் சமமாக இருந்தால் மூன்றும் ஒன்றாக வரும் என்றும் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். ஒரே மேடு உள்ள வளைவில், இரு பக்கமும் சமம் என்றால் மூன்றும் ஒன்றுதான். அந்த "ஒரே மேடு" என்ற நிபந்தனை பேச்சில் விழுந்துவிடுகிறது.

விடிகாலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். அதே ஊரில் இன்னும் பலர் கீழேயே திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்க்கிறார்கள். மேலே கூலி கூடுதல் என்பதால்தான் அந்த ஜீப்பே ஓடுகிறது. கணக்குக்காக, கீழே ஐந்து பேருக்கு 400 ரூபாய், மேலே ஐந்து பேருக்கு 600 ரூபாய் என்று வைப்போம். பத்துப் பேரின் சராசரி 500. பத்து என்பது இரட்டை எண் என்பதால் நடுவில் இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் 400, ஒருவர் 600. அப்படி வரும்போது இரண்டின் நடுப்புள்ளியை எடுப்பது வழக்கம். ஆகவே இடைநிலையும் 500.

இரு பக்கமும் கச்சிதமாகச் சமம். ஆனால் 500 ரூபாய் வாங்குகிற ஆள் அந்தப் பத்தில் கிடையாது. முகடு இரண்டு, 400 ஒன்று, 600 ஒன்று. சூத்திரத்தைக் கேட்டால் 3 × 500 கழித்தல் 2 × 500, ஆக முகடும் 500 என்று சொல்லும். யாருமே இல்லாத இடத்தில்தான் கூட்டம் அதிகம் என்று காட்டுகிறது.

இதற்கு மருந்து சூத்திரத்தில் இல்லை. ஒரு தாளில் கூலியை வரிசையாக எழுதி, ஒவ்வொரு ஆளுக்கும் அந்த எண்ணுக்கு மேல் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால், இரண்டு குவியல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பத்துப் பேரையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, மலைக்குக் கீழே ஒரு பட்டியல், மலைக்கு மேலே ஒரு பட்டியல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்றையும் போட வேண்டும்.